மூன்றாவது பெட்டியில் என் குரல்

உன் அம்மாவின் காது என் மேசைமேல் இருக்கிறது.

அம்மா அதை அப்படித்தான் சொல்வார். காது கேட்கிற மிஷின் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "காதை எங்க வச்சேன்?" "காதுக்கு சார்ஜ் போட்டியா?" காலையில் உன் தம்பி ஆபீசுக்குப் போகிற வழியில் கோவில்பத்தில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலேயே கேட்டுக்கு மேலாக ஒரு டப்பாவை நீட்டினான். "ரெண்டு நாளா கீகீன்னு கத்துதாம்க்கா. பொழுது சாயறதுக்குள்ள திரும்ப வந்துடணும்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க." திருநீறு வைத்திருந்த டப்பா. மூடியைத் திறந்ததும் திருநீறும் தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்து ஒரு வாசனை வந்தது. உன் துப்பட்டாவின் வாசனை. காலேஜ் பஸ்ஸில் நான்கு வருடம் என் தோளில் சாய்ந்து தூங்கி வந்த வாசனை. டப்பாவை மூடிவிட்டேன். மறுபடி திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஒலி போகிற துளையில் உப்புப் பூத்திருக்கிறது. எல்லாம் வியர்வை உப்பு. தூங்கும்போது கழற்றி வையுங்கள் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். நன்றாகத் தலையை ஆட்டுவார், ஆனால் கழற்ற மாட்டார். மாதத்துக்கு ஒரு தடவை இப்படி என்னிடம் வந்துவிடும். சின்ன பிரஷ்ஷால் தட்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவைத்துக் கொடுப்பேன். இன்றைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நடுவில் கை நின்றுவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்று இருக்கிறது. நீ உயிரோடு இருந்திருந்தால் என்னைத் திட்டியிருக்கக்கூட மாட்டாய், அதுதான் எனக்கு ஆத்திரம்.

நாம் செய்த வேலை என்னவென்று என் உம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. மெமரி என்றால் போன் கடையில் விற்கிற கார்டு என்றுதான் நினைப்பு. "ரெண்டு இன்ஜினீயரு சேந்து மாடியில உக்காந்து கட்டம் வரையுதுங்க" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லுவார். சொன்னது தப்பும் இல்லை. கட்டம்தான் வரைந்தோம். பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி, காது மந்தமானவர்களுக்காக ஒரு சிப் செய்தது. அதற்குள் ஓடும் நியூரல் நெட்வொர்க் இரைச்சலைத் தள்ளிவிட்டுப் பேச்சை மட்டும் காதுக்குள் விட வேண்டும். அந்த நெட்வொர்க்கை எழுதியவர்கள் வேறு ஆட்கள். அதைப் பயத்தம்பருப்பு அளவு சிப்புக்குள் அடக்குவது மட்டும் நம் வேலை.

அடக்குவது என்றால் சும்மா இல்லை. ஒரு அடுக்கு கணக்குப் போட்டு விடையை அடுத்த அடுக்குக்குக் கொடுக்கும், அது வாங்கி வேறொரு கணக்குப் போடும், இப்படியே போகும். ஒவ்வொரு விடையையும் எங்கேயாவது வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் கொடுத்தால் காதில் ஒரு பீரோவைத்தான் மாட்ட வேண்டும். ஆகவே ஒரு விடையை இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தவுடன் அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அடுத்ததை உட்கார வைக்க வேண்டும். "இது கடைசியா யாருக்கு வேணும்?" நாள் முழுக்க நீயும் நானும் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தது இந்தக் கேள்வியைத்தான். கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு விடைக்கும் ஒரு கலர் பென்சில். எது எப்போது வருகிறது, எப்போது போகிறது, யாருடைய இடத்தில் யார். நீ அழிப்பதற்கு முன்னால் யோசிப்பாய். நான் அழித்துவிட்டு யோசிப்பேன். நம் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

என் தங்கச்சி கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? புரட்டாசி சனிக்கிழமை. நீ கறி தொட மாட்டாய் என்று உனக்குத் தனியாகச் சாம்பாரும் பொரியலும் சொல்லி வைத்திருந்தேன். பெண்கள் பந்தியில் நாலு நாலு பேராகச் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, நீ ஓரத்தில் ஒரு காலித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சாம்பார் எடுக்கப் போன மனுஷி வேறு யாரோ கூப்பிட்டார்கள் என்று அந்தப் பக்கமே போய்விட்டாள். எங்கள் மாமி பந்தி பார்த்துக்கொண்டு வந்தார். உன் தட்டு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. "சாப்ட்டாச்சா புள்ள? அப்ப எந்திரி, அடுத்த பந்தி நிக்கிது." நீ எழுந்துவிட்டாய். எழுந்ததோடு விட்டாயா, போய்க் கையையும் கழுவிக்கொண்டாய். பட்டினியோடு உங்கள் ஊர் விழிதியூருக்குப் பஸ் ஏறிப்போய், இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாய். நான் கத்தினேன். "வாயில்லையாடி உனக்கு? இன்னும் சாப்பிடலன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?" நீ சிரித்தாய். "தட்டு காலியா இருந்தா சாப்ட்டு முடிச்சாச்சுன்னு அர்த்தமாடி? சோத்துக்காகக் காத்துகிட்டு இருக்கறவ தட்டும் காலியாத்தான் இருக்கும். உங்க மாமியும் உன்ன மாதிரி மெமரி இன்ஜினீயருதான்." நானும் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

உன் அம்மாவுக்குக் காது மந்தமாகி அப்போதே ஆறேழு வருடம். கடையில் வாங்கிய மிஷின் எல்லாம் எதிர்வீட்டு டிவியையும் பம்புசெட்டையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டியது. நீ வீட்டில் கத்தியே பேச வேண்டியிருந்தது. ஒருநாள் மாடியில் வேலைக்கு நடுவே பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "கத்திப் பேசினா எல்லாமே சண்டை மாதிரி இருக்குடி. மாத்திரை போட்டியாம்மான்னு கேட்டாலும் அதட்டுற மாதிரி இருக்கு. அம்மாகிட்ட மெதுவா பேசி எத்தனை வருஷமாச்சு தெரியுமா?" உன் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு அந்த சிப் எனக்கு வேலையாகத் தெரியவில்லை. உன் அம்மாவிடம் நீ மெதுவாகப் பேச வேண்டும், அதற்கு என்ன இடம் வேண்டுமோ நான் பிடுங்கிக் கொடுப்பேன் என்று மனதுக்குள் சபதமே போட்டுக்கொண்டேன்.

குரல் பெட்டிகள் அப்படித்தான் வந்தன. வீட்டில் அடிக்கடி பேசுகிறவர்களின் குரலை மிஷின் தானாகப் பழகிக்கொண்டு, அந்தக் குரலின் அடையாளத்தைச் சில எண்களாகச் சுருக்கி ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ளும். பெட்டியில் இருக்கிற குரல் எந்தக் கூச்சலுக்கு நடுவில் வந்தாலும், போன் வழியாக வந்தாலும், அதை முன்னால் கொண்டுவந்து காதில் விடும். பெட்டியில் இல்லாத குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் சுமாராகக் கேட்கும். ஸ்பீக்கர் வழியாக வந்தால் டிவி என்று நினைத்துப் பின்னால் தள்ளிவிடும். உன் அம்மாவுக்கு நாம் மாட்டிய மிஷினில் முதல் பெட்டியில் உன் தம்பியின் குரல். அடுத்து எதிர்வீட்டு மல்லிகா அக்கா. அடுத்து எதிர்வீட்டு மல்லிகா அக்கா.

மாங்கனித் திருவிழா அன்று பார்த்தோமே. மாடிகளிலிருந்து மாம்பழம் வந்து விழுகிறது, மேளம், ஒலிபெருக்கி, ஆயிரம் பேர் கூச்சல். உன் அம்மா முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு மேலே அண்ணாந்து நிற்கிறார். நீ என்னை இழுத்துக்கொண்டு பத்தடி பின்னால் போனாய். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "அம்மா, எனக்கு ஒண்ணு" என்றாய். அம்மா திரும்பினார். அந்தக் கூட்டத்தில் நேராக உன்னைப் பார்த்து, முந்தானையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் காட்டினார். நீ அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாய். என் வாழ்நாளில் நான் செய்த வேலைக்கு அதுதான் சம்பளம்.

அதற்கு அடுத்த மாதம்தான் நாம் சண்டை போட்டோம். சண்டை என்று நான்தான் சொல்கிறேன், நீ சண்டை போட்டிருந்தால் தேவலையே. மூன்று பெட்டிதான் இருக்கிறது, நாலாவதாக ஒரு குரல் பழக்கமானால் என்ன செய்வது? நான் ஒரு விதி எழுதினேன். மூன்றில் எந்தக் குரல் அதிக நாளாகக் கேட்கவில்லையோ அதை அழித்துவிட்டுப் புதியதை அங்கே வை. உலகம் முழுக்க மெமரி வேலை செய்கிறவர்கள் எழுதுகிற விதிதான். நீ நோட்டில் நாலாவதாக ஒரு பெட்டியை மஞ்சள் பென்சிலால் வரைந்து அதன்மேல் ஒரு சின்னப் பூட்டையும் வரைந்தாய். "இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்டி. கேட்டாலும் கேக்காட்டியும் அழியக் கூடாது. வச்சிருக்கறவங்க அவங்களா எடுத்தா ஒழிய."

"பூட்டுன இடம் செத்த இடம்" என்றேன் நான். இந்த வார்த்தையைத்தான் சொன்னேன். "பத்து ஏக்கரா வச்சிருக்கோம்? இந்த சிப்புல யாருக்கும் பட்டா போட்டுக் குடுக்க முடியாதுடி. வருஷம் பூரா கேக்காத குரலுக்கு எதுக்கு இடம்?"

"வெளிநாட்டுல இருக்கற புள்ள ரெண்டு வருஷம் கழிச்சு வரும். கோவிச்சுகிட்டுப் பேசாம இருக்கறவங்க இருப்பாங்க. காத்துகிட்டு இருக்கறது வேற, முடிஞ்சு போனது வேற, நூரு. காலித் தட்டப் பாத்து எழுப்பிடாத."

நான் கேட்கவில்லை. அந்த மஞ்சள் பெட்டி பிடிக்கும் இடத்தை நெட்வொர்க்கின் இரண்டு அடுக்குகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்படி செய்தால், டிவி இரைச்சலைத் தள்ளுகிற பகுதியை இன்னும் பெரிதாக்கலாம். அதைச் செய்தும் காட்டினேன். கம்பெனி மீட்டிங்கில் பாராட்டினார்கள். உன்னைப் பார்த்து, "எப்படி?" என்று புருவத்தை உயர்த்தினேன். "சரிடி, நீ சொன்னா சரி" என்றாய். நோட்டில் நீ வரைந்ததை நானே ரப்பரால் அழித்தேன். மஞ்சள் முழுசாகப் போகவில்லை. அந்தப் பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் பூட்டின் தழும்பு தெரிகிறது.

ஏன்டி விட்டுக்கொடுத்தாய்? இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? நோட்டைப் பிடுங்கி என் மூஞ்சியில் எறிந்திருக்கக் கூடாதா? உன் நல்ல குணத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு அதன்மேல் கோபம்தான் வருகிறது.

இன்னொன்றில் மட்டும் நீ விட்டுக்கொடுக்கவில்லை. குரலின் அடையாளம் மிஷினை விட்டு வெளியே போகக் கூடாது, எங்கேயும் நகல் இருக்கக் கூடாது, மூல ஒலியை அந்தக் கணமே அழித்துவிட வேண்டும் என்றாய். "எங்கம்மா வீட்ல பேசுறது எங்கம்மா வீட்டோட இருக்கட்டும்." அது நியாயம்தான். அன்றைக்கும் நியாயம், இன்றைக்கும் நியாயம். அதையும் நான் உன்மேல் கோபமாகத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள்தான். அதை எழுத என்னால் முடியாது, உனக்குத் தெரியாததும் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் விழிதியூர் போக ஆரம்பித்தேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. உன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் நின்றது, உம்மாவுக்கு முட்டி வலி, மீன் விலை. நான் பேசுவது பாதி கேட்கும், பாதி கேட்காது. "என்ன சொன்ன?" என்பார். திருப்பிச் சொல்வேன். கேட்கிறாரோ இல்லையோ, ஒரு ஆள் பேசிக்கொண்டிருப்பது அவருக்குத் தேவையாக இருந்தது. எனக்கும்தான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, பொங்கல் முடிஞ்சும் கரும்பு வச்சிருக்கீங்களா?" என்றேன். உள்ளே அடுப்படியிலிருந்து சட்டென்று பதில் வந்தது. "உனக்குன்னுதான் ஒரு கட்ட எடுத்து வச்சிருக்கேன், வா." உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பல்லாம் நீ பேசுறது கணீர்னு கேக்குது நூரு. முன்னல்லாம் கொரகொரன்னு இருக்கும். வாசல்ல நின்னு பேசினது பக்கத்துல பேசுற மாதிரி கேட்டுச்சு."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தக் கணீரை நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன், மிஷின் என் குரலைப் பழகிக்கொண்டுவிட்டது, நாங்கள் செய்த மிஷின் என்று. பன்னிரண்டு வருடமாக ஒரே கேள்வியைக் கேட்டுச் சம்பாதித்தவள் நான். யாருடைய இடத்தில் யார்? அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

உன் அம்மா உன் குரலைக் கேட்காமல் இருந்தார். எனக்கு அது தெரியாது. நீ அவருடைய போனுக்கு அனுப்பிய குரல் செய்திகள் நாற்பத்தொன்று இருந்தன. ஆபீசிலிருந்து, பஸ்ஸிலிருந்து, என் வீட்டு மாடியிலிருந்து நீ அனுப்பியவை. அவை எல்லாம் அப்படியே போனில் இருந்தன. நீ போன பிறகு அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வருஷத் திதி முடிகிறவரை கேட்கக் கூடாது என்று வைத்திருந்தார். கேட்டால் நீ போக மாட்டாயாம், வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பாயாம். "அவள நல்லபடியா அனுப்பி வச்சுட்டு அப்பறம் கேக்கறேன்" என்று உன் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு மாதம் அந்தப் போனைப் பூஜை அலமாரியில் வைத்திருந்தார், சார்ஜ் மட்டும் போட்டு எடுத்துக்கொண்டு.

திதி அன்று மதியம் போனேன். ஐயர் போய்விட்டிருந்தார். காக்கைக்கு வைத்தாயிற்று, இலை போட்டுச் சாப்பிட்டாயிற்று. உன் அம்மா கை கழுவி, முகம் கழுவி, புதுப் புடவையின் முந்தானையால் போனைத் துடைத்தார். காதைச் சரியாக அழுத்தி வைத்துக்கொண்டார். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "போடு நூரு" என்றார்.

போட்டேன். "அம்மா, சாப்ட்டியா? மோர் மூடி வச்சிருக்கேன், மறந்துடாத." உன் குரல் வீடு முழுக்கக் கேட்டது. உன் தம்பி வாசலுக்குப் போய்விட்டான். உன் அம்மா கண்ணை மூடியபடியே இருந்தார். கொஞ்சம் பொறுத்து, "ம், போடு" என்றார்.

"போட்டுட்டேனேம்மா."

"எங்க? ஒண்ணும் கேக்கலயே."

மறுபடி போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன். போனை அவர் காதுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோனேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ரொம்பக் கவனமாக, மரியாதையாகக் கேட்டார். "தூரத்துல எங்கயோ டிவி ஓடுற மாதிரி இருக்கு" என்றார். "நீ பேசுறது மட்டும் நல்லா கேக்குது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று மாலையே காதை வாங்கிக்கொண்டு வந்து, இதே மேசையில் வைத்துக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்னாலேயே தெரியும். ஒரு பெட்டியில் உன் தம்பி. ஒன்றில் மல்லிகா அக்கா. மூன்றாவது பெட்டியில் இருந்த குரல் பழகிய மாதம் தை, கடைசியாகக் கேட்டது அன்றைய மதியம். நான்.

நான் ஒவ்வொரு ஞாயிறும் போய் உட்கார்ந்து பேசிப் பேசி, உன்னை எழுப்பிவிட்டு உன் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். தினம் ஒரு தடவை அம்மா அந்தப் போனை எடுத்துக் கேட்டிருந்தால் நீ அங்கேயே இருந்திருப்பாய். ரொம்பப் பெரிதாக நினைத்ததால்தான் அவர் கேட்காமல் வைத்திருந்தார். கேட்காமல் இருப்பதற்கு அப்படி ஒரு காரணமும் இருக்கும் என்று என் விதிக்குத் தெரியாது. எழுதிய எனக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது.

சும்மா இருந்துவிடவில்லை. நாற்பத்தொரு செய்திகளையும் எடுத்துச் சேர்த்து, அவற்றிலிருந்து உன் குரலின் அடையாளத்தைப் புதிதாகச் செய்தேன். என் குரலை அழித்துவிட்டு அதை அங்கே வைத்தேன். போன் வழியாக நசுங்கி வந்த ஒலி, அதிலிருந்து என்ன எடுக்க முடியும்? விழிதியூருக்குக் கொண்டுபோனேன். உன் அம்மா முகம் மலர்ந்தது, அதைப் பார்த்து நானும் ஒரு நிமிடம் ஏமாந்தேன். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். "யாரோ ஒரு பொண்ணு பேசுது. அவ இல்ல." மூன்று தடவை முயன்றேன். மூன்றாவது தடவை, "போதும் நூரு, யார் யாரையோ கூட்டிகிட்டு வராத" என்றார். பெட்டிக்குள் என்னையே திரும்ப வைத்தேன். அப்படியாவது ஒரு குரல் அவருக்குக் கேட்கட்டும்.

இதைச் சொல்லி உம்மாவிடம் அழுதேன். "அவ குரலு அல்லாகிட்ட பத்திரமா இருக்கு புள்ள" என்றார். அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

அடுத்த ஞாயிறு உன் அம்மாதான் வழி சொன்னார். "நீ சொல்றதுதான் எனக்குக் கேக்குதே. அவ சொன்னத நீ கேட்டுச் சொல்லு." அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. போனை என் காதில் வைத்து உன்னைக் கேட்கிறேன். பிறகு அம்மாவைப் பார்த்து, உன் வார்த்தைகளை என் குரலில் சொல்கிறேன். "அம்மா, மாத்திரை போட்டியா?" "பஸ்ஸு வரல, லேட்டாவும்." "நூரு வீட்ல நோன்புக் கஞ்சி குடுத்தாங்க, உனக்கும் கொண்டாறேன்." அவர் பதில் சொல்கிறார். "போட்டுட்டேன்." "சரி, பாத்து வா." என்னை நீ என்று நினைக்கிறார் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதே. என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்கிறார். அவர் முன்னால் உட்கார்ந்து 'சாப்ட்டியா' என்று ஒருமையில் கேட்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு வாய் கூசுகிறது. ஏன் உன் குரல் கேட்கவில்லை, என் குரல் மட்டும் ஏன் கேட்கிறது என்று அவர் இதுவரை என்னைக் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. மிஷின் பழசாகிவிட்டது என்று உன் தம்பியிடம் பொய் சொல்லியிருக்கிறேன். நீதான் இதைக் கேட்கிற முதல் ஆள்.

பழையதிலிருந்து தொடங்கி, வாரத்துக்கு ஒன்றிரண்டாக, போன ஞாயிறோடு நாற்பது முடிந்தது. கடைசி ஒன்று மட்டும் பாக்கி. நீ ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியது. உன் குரலை எடுக்கக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தபோதுகூட அதை நான் காதால் கேட்டதில்லை. காதில் வைத்துக் கேட்டேன். உனக்கு மூச்சு வாங்குகிறது. ஆனால் மெதுவாக, ரொம்ப மெதுவாக, நீ ஆசைப்பட்டபடியே பேசுகிறாய். "அம்மா, ஜுரம் எறங்கிடுச்சு. நாளைக்கு விடியக்காலைல விட்டுருவாங்க. நீ காதைக் கழட்டாமப் படு. நான் வந்து கதவத் தட்டுனா கேக்கணும்ல."

போனைக் கீழே வைத்துவிட்டேன். "இன்னிக்கு இவ்வளவுதாம்மா" என்றேன்.

உன் அம்மா என்னையே பார்த்தார். நீ அனுப்பிய அன்றே, உன் குரலிலேயே அவர் அதைக் கேட்டிருந்தாரே. "இன்னும் ஒண்ணு இருக்குமே" என்றார். நான் போனைக் கொண்டுபோய்ப் பூஜை அலமாரியில் வைத்தேன். "சரி, இருக்கட்டும்" என்று எழுந்து காப்பி போடப் போய்விட்டார்.

தூங்கும்போது ஏம்மா கழற்ற மாட்டேன் என்கிறீர்கள் என்று இனி ஒருநாளும் நான் அவரைக் கேட்க மாட்டேன்.

துளையில் இருந்த உப்பெல்லாம் போய்விட்டது. காதில் வைத்துப் பார்த்தேன், கீகீ சத்தம் இல்லை. மணி நாலரை. உன் தம்பி ஆபீஸ் முடிந்து வரட்டும் என்று காத்திருந்தால் பொழுது சாய்ந்துவிடும். டப்பாவில் போட்டு மூடிவிட்டேன், நானே கிளம்புகிறேன். அந்தக் கடைசிச் செய்தியை உன் அம்மாவிடம் என் வாயால் ஒருநாளும் சொல்ல மாட்டேன், அழிக்கவும் மாட்டேன். அது என்னோடே இருக்கும். நான் போய்க் கதவைத் தட்டுவேன். காது என் கையில் டப்பாவுக்குள் இருக்கும்போது அந்த வீட்டில் அது யாருக்கும் கேட்காது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் போய்க் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும். தட்டினால் கேட்காதே என்று உன் அம்மா வாசல் கதவையே பார்த்து உட்கார்ந்திருப்பார்.